பல வரைபடங்களை ஒரே கோப்பில் இணைத்தல்

எமது பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் சிலர் கல்லூரிகளிலே கணினிவழி வரைதலைப் பயின்று வருகின்றனர். பெற்றோருள்ளும் அத்தொழிலாற் சீவியம் நடத்துவோர் உளர். தனித்தனியே வரைந்த படங்களை ஒரே கோப்பில் ஒன்றுசேர்ப்பது எவ்வாறு என்று அவர்கள் எம்மிடம் வினவுவதுண்டு. கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தல் எளிது; அவை இரண்டோ மூன்றோதாம். ஆயின் இணைக்கும்போது ஓசையின்றி நிகழும் தவறொன்று உண்டு. சென்ற ஆண்டு விழாவின்போது அது எமது கையாலேயே நிகழ்ந்தமையால், அதனை விளக்குதல் எமது கடமை எனக் கருதுகின்றோம்.

ஊரிலே நாம் புவியியல் கற்பித்த காலத்தில், அடுத்தடுத்த இரு இடவிளக்கப் படங்களை விளிம்போடு விளிம்பு பொருத்துமாறு மாணவரைப் பணிப்போம். பாடசாலை அலுமாரியிற் கிடந்த பழைய ஓரங்குலப் படம் 1:63,360 என்னும் அளவுத்திட்டத்தில் அமைந்தது, புதியது 1:50,000. இவ்விரண்டையும் அருகருகே வைத்தால், ஒரு தாளின் விளிம்பில் முடியும் வீதி மறுதாளில் வேறோரிடத்தில் தொடங்கும். மாணவர் சிரிப்பர். கண்ணுக்குத் தெரியும் தவறு அது, ஆகவே அஞ்சத்தக்கதன்று.

1982ஆம் ஆண்டு வெளிவந்த ஓட்டோகாட் மென்பொருளிலும், அதன் வழிவந்த பிறவற்றிலும் நிலைமை இதுவே. கணினி எண்களை மாத்திரமே அறியும். 9,000 என்பது மில்லிமீற்றரா அங்குலமா என்பதைக் கோப்பில் நாம் குறித்து வைத்தாலன்றி அது அறியாது. கனடாவிலோ சட்டப்படி மீற்றர் முறை வழங்கினும், கட்டட வேலைத்தலங்களில் அடியும் அங்குலமுமே பேசப்படுகின்றன. இரண்டையும் கலந்து வாழும் நாட்டில் இவ்விடர் நாள்தோறும் நேரும்.

சென்ற ஆண்டு விழாவுக்கு மூன்று படங்கள் எம்மிடம் இருந்தன. மண்டபத்தின் தரைப்படம் நிருவாகத்தினரிடமிருந்து கிடைத்தது. முன்வாயிலையும் கதிரை வரிசைகளையும் பெற்றோர் ஒருவர் வரைந்து தந்தார். மேடையையும் விளக்குகளையும் மாணவர் ஒருவர் வரைந்தார். முதலிரண்டும் அங்குலத்தில், மாணவரது படம் மில்லிமீற்றரில். கதிரைப் படத்தைத் திறந்துவைத்து, ஏனைய இரண்டையும் 'இன்சேர்ட்' கட்டளையினால் உள்ளே கொணர்ந்தோம். 9,000 மில்லிமீற்றர் அகல மேடை 9,000 அங்குலமாகி, 750 அடிக்கு விரிந்து மண்டபத்தையே விழுங்கிற்று. அதனை 25.4ஆற் பிரித்துச் சுருக்கினோம். தரைப்படம் வீதி மூலையை உற்பத்திப் புள்ளியாகக் கொண்டிருந்தமையால் திரையின் மறுகோடியிற் போய்க் கிடந்தது. இரு படங்களுக்கும் பொதுவான தூண் ஒன்றின் மூலையைப் பிடித்து நகர்த்திப் பொருத்தினோம். யாவும் செவ்வனே அமைந்தன என்று மகிழ்ந்தோம்.

மகிழ்ந்தது பிழை. வரைபவர் அடிக்கடி பயன்படுத்தும் கதவு, கதிரை முதலியவற்றை ஒருமுறை வரைந்து, ஒரு பெயரிட்டு, 'புளொக்' என்னும் தொகுதியாகச் சேமிப்பர். பின்னர் அப்பெயரைச் சொல்லி வேண்டிய இடத்தில் வைப்பர். தரைப்படத்தில் 'டோர்' என்னும் தொகுதி, பக்கவாட்டு அவசர வழிகளில் உள்ள 36 அங்குல ஒற்றைக் கதவு. கதிரைப் படத்திலும் 'டோர்' இருந்தது. அதுவோ முன்வாயிலின் 72 அங்குல இரட்டைக் கதவு. ஒரே கோப்பில் ஒரு பெயருக்கு இரண்டு வரைவிலக்கணங்கள் இருத்தல் இயலாது. ஏற்கெனவே இருப்பது நிலைக்கும். புதிதாய் வருவது கைவிடப்படும். அவ்வாறு கைவிடப்பட்டதெனக் கட்டளை வரியில் ஒரு சிறு அறிவித்தல் தோன்றும். யார் அதனை வாசிக்கின்றார்?

ஆகவே இரு பக்க வழிகளும் 72 அங்குலக் கதவுகளாகத் தோன்றின. சுவரின் இடைவெளி 36 அங்குலமாகவே இருக்க, கதவு சுவரின்மேற் படர்ந்து நின்றது, உற்றுநோக்கியிருப்பின் கண்டிருப்போம். நோக்கவில்லை. வெளியேறும் வழிகளின் அகலத்தைப் பொறுத்தே மண்டபத்தில் எத்தனைபேர் இருக்கலாம் என்பது அமையும். வழி அகலமாயிற்று என்று நம்பி, மேலும் 40 கதிரைகளைச் சேர்த்தோம். விழாவுக்கு ஐந்து நாள்களின் முன், அலங்காரத் துணிக்கு அளவெடுக்கச் சென்ற மாணவி ஒருத்தி அளவுநாடாவுடன் வந்து, "சேர், அந்தக் கதவு மூன்றடிதான்" என்றாள். அம்மண்டபத்தில் கைக்குழந்தைகளும் முதியோரும் அமர்வர் என்பதை எண்ணியபோது எமக்கு வியர்த்தது.

இத்தகைய தவறு எம்போன்றோர்க்கே உரியதென எண்ணற்க. ஏயர்பஸ் ஏ380 விமானத்தை ஆக்கியபோது, ஹாம்பேர்க் நகரினர் காட்டியா மென்பொருளின் 4ஆம் பதிப்பிலும் துலூஸ் நகரினர் 5ஆம் பதிப்பிலும் வரைந்தனர். படங்கள் ஒன்றோடொன்று சரிவரப் பொருந்தாமையால், விமானத்தினுள்ளே பொருத்தச் சென்றபோது மின்கம்பிக் கட்டுகள் இடத்துக்கு எட்டவில்லை. ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ 530 கிலோமீற்றர் கம்பி! 2006இல் ஒப்படைக்க எண்ணியிருந்த முதல் விமானம் 2007 ஒக்ரோபரிலேயே சிங்கப்பூர் நிறுவனத்தின் கையை அடைந்தது.

இனிச் செய்யவேண்டியதைக் கூறுவோம். இணைக்குமுன் ஒவ்வொரு கோப்பினதும் அலகைத் திறந்து பாருங்கள். தொகுதிகளுக்கு 'டோர்' போன்ற பொதுப்பெயர் இடாது, 'பக்கக்கதவு 36' என்றாற்போல இடுங்கள். முன்னரே இட்ட பெயரையும் 'ரினேம்' கட்டளையால் மாற்றலாம். இன்சேர்ட்டுக்குப் பதிலாக 'எக்ஸ்ரெஃப்' கட்டளையினால் வெளிக்கோப்பாகத் தொடுப்பது மேலும் நன்று. அப்போது பெயருக்கு முன்னே கோப்பின் பெயரும் நிற்பதால் மோதல் நேராது. ஆனால் தொடுத்த கோப்பு தனியே இருப்பதால், மற்றவருக்கு அனுப்பும்போது அதனையும் உடன் அனுப்பவேண்டும். முடிவில் ஒரே கோப்பாக்கும்போது 'பைன்ட்', 'இன்சேர்ட்' என இருவகை கேட்கப்படும். முன்னையது பெயர்களைத் தனித்தனியே காக்கும், பின்னையது கலந்துவிடும். படலங்களுக்கும் இதுவே விதி: ஒரே பெயருடைய படலம் முதற்படத்தில் அணைக்கப்பட்டிருப்பின், புதிதாய் வந்த கோடுகளும் மறைந்துபோம்.

இணைத்தபின் மூலப்படத்திலும் இணைந்த படத்திலும் அதே ஐந்தாறு இடங்களை 'டிஸ்ற்' கட்டளையால் அளந்து ஒப்பிடுங்கள். கதவுகளை முதலில் அளவுங்கள்.

சென்ற ஆண்டு அந்த 40 கதிரைகளையும் அகற்றினோம். சிலர் நின்றுகொண்டே விழாவைக் கண்டனர், அவர்களிடம் மன்னிப்புக் கோரினோம். இவ்வாண்டுப் படம் புதிதாக இணைக்கப்பட்டு மண்டப வாயிலில் ஒட்டப்பட்டுள்ளது. அளந்து பார்க்க விரும்பும் மாணவர்க்கு அளவுநாடா எம்மிடம் உண்டு.