சுரங்கத்தில் நுழைந்ததும் ரயில் ஏன் இரைகிறது? காதுக்கு என்ன ஆகிறது?

பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வந்து கேஎல் சென்ட்ரலில் கிளானா ஜெயா எல்ஆர்டி ரயில் ஏறுபவர்களுக்கு இது பழகிப்போன ஒன்று. பசார் செனி வரை ரயில் உயர்பாதையில் ஓடும். பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசலாம். அதைத் தாண்டிச் சுரங்கத்தில் இறங்கி மஸ்ஜிட் ஜாமெக்கை நெருங்கும்போது பேச்சு பாதியில் நின்றுவிடும். டாங் வாங்கி, கம்போங் பாரு, கேஎல்சிசி, அம்பாங் பார்க் வரை அதே கதைதான். டாமாய் வரும்போது வெளிச்சம் தெரியும், இரைச்சலும் தணியும்.

ரயில் அதே ரயில்தான். மாறுவது அதைச் சுற்றியுள்ள இடம்.

எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மேல் உருளுவதே இரைச்சலின் முக்கியக் காரணம். பார்வைக்கு இரண்டும் வழவழப்பாக இருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இரண்டிலும் உண்டு. அவை மோதும்போது சக்கரமும் தண்டவாளமும் தட்டிய பித்தளைக் குடம்போல் அதிர்கின்றன. நாளடைவில் தண்டவாளம் அலை அலையாகத் தேய்ந்துபோனால், அது ஊளைபோல் நீண்டு ஒலிக்கும். வளைவுகளில் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கி உரசும்போது வருவதுதான் அந்தக் கிறீச்சொலி. கிளானா ஜெயா தடத்தில் ரயிலை நகர்த்துவது நேரியல் மோட்டாரின் காந்த விசை. சக்கரங்கள் பாரத்தைத் தாங்கி உருள மட்டுமே செய்கின்றன. அந்த உருளலுக்கே இவ்வளவு சத்தம்.

திறந்த வெளியில் இந்தச் சத்தம் பரந்து கரைந்துவிடும். (பாதையோரம் குடியிருப்பவர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள்.) சுரங்கத்தில் அதற்குப் போக்கிடம் இல்லை. பத்துமலைக் குகைக்குள் ஒரு தவில் அடித்தால் எப்படி முழங்கும் என்று நினைத்துப் பாருங்கள். கான்கிரீட் சுவர் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்ப, அது கூரை, ஜன்னல், கதவு இடுக்கு வழியாகப் பெட்டிக்குள் வருகிறது. நம் ரயில்களில் குளிர்சாதனம் இருப்பதால் ஜன்னல்கள் மூடியே இருக்கின்றன. குளிர்சாதனம் இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்து ஓடும் லண்டனின் ஆழ்சுரங்க ரயில்களில் 100 டெசிபலுக்கு மேலும் பதிவாகியிருக்கிறது. இங்குள்ள சுரங்க நிலையங்களில் நடைமேடை ஓரத்தில் உள்ள தானியங்கிக் கதவுகளும் காத்திருப்பவர்களுக்கு ஓரளவு தடுப்பு.

அப்படியானால் கவலை வேண்டாமா? சில நிமிடச் சுரங்கப் பயணம் மட்டும் என்றால் பெரும்பாலோருக்குப் பெரிய ஆபத்து இல்லை. சிக்கல் இயர்போனில் இருக்கிறது. இரைச்சலை மீறிப் பாட்டு கேட்க ஒலியைக் கூட்டுகிறோம். வெளியே வந்ததும் குறைக்க மறந்துவிடுகிறோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். காலை அரை மணி, மாலை அரை மணி என்று ஆறு நாள் 90 டெசிபலில் கேட்டாலே 6 மணி நேரம் ஆகிவிடுகிறது.

கிள்ளான், ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலும் செம்பனை ஆலைகளிலும் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2019-ஆம் ஆண்டு இரைச்சல் விதிமுறைகளின்படி வேலையிடத்தில் எட்டு மணி நேரத்துக்கு உச்ச வரம்பு 85 டெசிபல். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும்: 88 என்றால் நான்கு மணி, 91 என்றால் இரண்டு மணி. வரம்பைத் தாண்டும் இடங்களில் முதலாளி ஆண்டுதோறும் செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும். வேலையிட இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பு சொக்சோ ஏற்கும் தொழில் நோய்களில் ஒன்று. பரிசோதனை முடிவின் நகலைக் கேட்டு வாங்கி வைத்திருப்பது நல்லது. ஆனால் ஆலைச் சத்தம், ரயில் சத்தம், பாட்டு என்று காது பிரித்துப் பார்ப்பதில்லை. வேலை முடிந்து ரயிலேறி இயர்போனைச் செருகுபவரின் காதுக்கு அன்றைய ஓய்வு கிடைப்பதே இல்லை.

உட்காதில் உள்ள மெல்லிய மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதி. அதனால் சத்தம் கேட்கும், சொல் தெளிவாக இருக்காது. "என்ன சொன்னே?" என்று ஒருவர் அடிக்கடி கேட்பதையும் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டுவதையும் வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள்.

நடைமேடையில் நிற்கும்போதே கைப்பேசியின் ஒலி அளவைப் பாதிக்குக் கீழே வைத்துவிட்டு, சுரங்கத்தில் அதைத் தொடாமல் இருக்கலாம். வெளி இரைச்சலை அடைக்கும் இயர்போன் இருந்தால் ஒலியைக் கூட்டவே தேவைப்படாது. மருந்தகத்தில் கிடைக்கும் நுரை அடைப்பான் அதைவிட மலிவு. கதவருகே நிற்காமல் பெட்டியின் நடுவில் இருப்பதும் உதவும்.

தண்டவாளத்தைத் தேய்த்துச் சமன்செய்வதும் சக்கரத்தைக் கடைந்து சீராக்குவதும் ரயில் நிறுவனத்தின் வேலை. இதே தொழில்நுட்பத்தில் ஓடும் கனடாவின் வான்கூவர் ஸ்கைட்ரெயினிலும் இரைச்சலைக் குறைக்கத் தண்டவாளத்தைத் தேய்க்கிறார்கள். வழக்கத்துக்கு மாறாக ஒரு பெட்டி கிறீச்சிட்டால், பெட்டி எண்ணையும் எந்த நிலையங்களுக்கு இடையில் என்பதையும் குறித்துப் புகார் செய்யலாம். காதில் ரீங்காரம் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், பக்கத்து அரசாங்க கிளினிக்கில் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.