பாட்டுப் பெட்டிக்கு ஒரு ரப்பர் சட்டை!

பொங்கலுக்கு முன்னால் பரணைக் காலி செய்வது எங்கள் வீட்டில் எப்போதும் அம்மாவின் வேலை. இந்த முறை பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் அப்பாவின் எம்பி3 பிளேயர் கிடைத்தது. நீல நிற சிலிக்கோன் கவர். ஒரு கீறல்கூட இல்லை.

“பாரேன்டி, நேத்து வாங்கின மாதிரி இருக்கு!” என்றபடி அம்மா அதைச் சார்ஜில் போடப் போனார். கையில் வாங்கிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் லேசாகப் புடைத்திருந்தது. கவரை உரித்ததும் தூக்கிவாரிப்போட்டது. மூடி ஒரு பக்கம் வாய் பிளந்திருக்க, உள்ளே பேட்டரி பூரி போல உப்பியிருந்தது.

அந்த பிளேயரில்தான் அப்பா, தன் பேரனுக்காகச் சொன்ன கதைகளைப் பதிவு செய்து வைத்திருந்தார். அப்பா இப்போது எங்களோடு இல்லை.

பாதுகாக்கத்தானே கவர் போட்டோம்? பிறகு எப்படி இப்படி ஆனது?

கீறலில் தொடங்கிய கதை

2001 அக்டோபர் 23-ம் தேதி ஆப்பிள் நிறுவனம் முதல் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 5 ஜிபி கொள்ளளவு, சட்டைப் பைக்குள் 1,000 பாடல்கள் என்பதுதான் அதன் பெருமை. பின்பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அழகுதான். ஆனால், சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் பையில் இருந்தால் சில நாள்களிலேயே கோடு கோடாகக் கீறல் விழுந்துவிடும். அதனால் உறைகளுக்குத் தனிச் சந்தையே உருவானது. 2004-ல் ஆப்பிளே ஆறு நிறங்களில் பின்னல் ‘சாக்ஸ்’ விற்றது. விலை 29 டாலர்!

2005 செப்டம்பரில் வந்த ஐபாட் நானோவின் திரை சீக்கிரம் கீறுகிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னார்கள். வழக்கு தொடர்ந்தார்கள். அதன் பின் பெட்டிக்குள்ளேயே ஓர் உறையும் சேர்ந்து வந்தது. வழக்கு 2009-ல் 2 கோடியே 25 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஒரு கீறலின் விலை எவ்வளவு என்று பாருங்கள்!

தோல், துணி, பிளாஸ்டிக் எனப் பல உறைகள் வந்தாலும், மக்களுக்கு ரொம்பவும் பிடித்துப்போனவற்றில் ஒன்று சிலிக்கோன். பல நிறங்கள், மலிவு விலை, கையில் வழுக்காத பிடி, கழற்றாமலே பட்டனை அழுத்தும் வசதி. போதாதா?

மணலில் பிறந்த ரப்பர்

கடைகளில் ‘சிலிக்கான் கவர்’ என்றுதான் கேட்கிறோம். சரியான பெயர் சிலிக்கோன். சிலிக்கான் என்பது மணலில் இருக்கும் தனிமம். கம்ப்யூட்டர் சிப் செய்வது அதில்தான். அந்த சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கைகோத்து நீளும் சங்கிலிதான் சிலிக்கோன். சூடு, குளிர் இரண்டையும் நன்றாகத் தாங்கும். அதனால்தான் கேக் மோல்டும் பால்புட்டி நிப்பிளும்கூட அதில் செய்கிறார்கள்.

பிளேயர் கீழே விழும்போது இந்த மென்மையான ரப்பர் அமுங்கி, அடியின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. ஆனால், அதற்கும் எல்லை உண்டு. கூர்மையான கல்லில் நேராகத் திரை மோதினால் காப்பாற்றாது. சார்ஜர், ஹெட்போன் துளைகள் திறந்தே இருப்பதால் தண்ணீரையும் தடுக்காது.

இன்னொரு தொல்லை தூசி. சிலிக்கோன் கவர், பையில் இருக்கும் பஞ்சையும் தூசியையும் ஒட்டி இழுத்துக்கொள்ளும். கவரின் இடுக்கில் நுழையும் மணல் துகள் உள்ளேயே உராய்ந்து, உப்புக் காகிதம் போல வேலை செய்யும். கீறலைத் தடுக்கப் போட்ட கவருக்குள்ளேயே கீறல் விழுவது இப்படித்தான்.

மறைக்கும் சட்டை

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். லித்தியம் பேட்டரி பழையதாகும்போது சில சமயம் உள்ளே வாயு சேர்ந்து வீங்கும். கெட்டியான பிளாஸ்டிக் உறை என்றால் விரிசல் விட்டோ கழன்றோ காட்டிக்கொடுத்துவிடும். சிலிக்கோன் இழுபடும் பொருள். வீக்கத்தோடு சேர்ந்து அதுவும் நீண்டுகொடுக்கும். வெளியே பார்த்தால் சட்டை புதுசு. உள்ளே உடம்புக்கு முடியவில்லை!

இது எங்கோ ஓரிடத்தில் நடக்கும் விஷயம் அல்ல. முதல் தலைமுறை நானோவில் பேட்டரி அதிகம் சூடாகும் ஆபத்து இருப்பதாகச் சொல்லி, 2011-ல் ஆப்பிளே அவற்றை மாற்றித் தர முன்வந்தது. ஐபாட் உற்பத்தி முடிவுக்கு வருவதாக 2022 மே மாதம் அறிவிப்பு வந்துவிட்டது. ஆனால், நம் வீட்டு அலமாரிகளில் பழைய பிளேயர்கள் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருக்கின்றன.

என்ன செய்யலாம்?

* மாதம் ஒரு முறை கவரைக் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விட்டுக் கழுவுங்கள். நிழலில் முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பெட்ரோல், தின்னர் வேண்டாம், சிலிக்கோன் ஊதிவிடும்.
* சார்ஜ் ஏறும்போது சூடு தெரிந்தால் கவரைக் கழற்றிவிடுங்கள். தலையணைக்கு அடியில் வைத்து சார்ஜ் செய்வது கூடவே கூடாது.
* நாள்பட எடுத்து வைப்பதென்றால் பாதி சார்ஜில், கவர் இல்லாமல் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, மறுபடி பாதி அளவுக்கு சார்ஜ் செய்யுங்கள்.
* வீக்கம் தெரிந்தால் சார்ஜ் போடாதீர்கள். அமுக்கவோ குத்தவோ கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.
* முக்கியமாக, பிளேயரில் இருக்கும் குரல் பதிவுகளை இன்றே வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். கவர் காப்பது வெளியுடம்பை மட்டும்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துப் போனேன். கவரையும் பிளேயரையும் மாறி மாறிப் பார்த்த அந்தத் தம்பி, “சட்டை மட்டும்தான் மேடம் நல்லா இருக்கு” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று, “பயப்படாதீங்க. பேட்டரிதான் போயிருக்கு. பதிவு எல்லாம் மெமரி சிப்புல இருக்கும், அது வேற” என்றார்.

புது பேட்டரி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, முதல் வேலையாக எல்லாவற்றையும் நகலெடுத்தோம். பிறகு ஸ்பீக்கரில் போட்டோம். தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா கதையை ஆரம்பித்தார். இப்போது கல்லூரிக்குப் போகும் பேரன், அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டான்.

அந்த நீலக் கவரை அம்மா கழுவிக் காயவைத்து, தனியாக எடுத்து வைத்திருக்கிறார்.