சோஜர்னர் ட்ரூத் உரையின் இரு வடிவங்கள்: அமெரிக்க வரலாற்று ஆளுமைகள் குறித்த இணைய ஆவணங்களைப் பயன்படுத்தும் முறை

முன்னுரை

பெண்ணியம், தலித்தியம், கறுப்பர் இலக்கியம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஆராய்வோர் அமெரிக்க வரலாற்று ஆளுமைகளின் கூற்றுகளை மேற்கோளாகக் கையாள நேர்கிறது. அக்கூற்றுகளின் மூலங்களைக் காண ஒரு காலத்தில் கடல் கடந்து செல்ல வேண்டியிருந்தது. இன்று அவற்றுள் பெரும்பகுதி கட்டணமின்றி இணையத்தில் கிடைக்கிறது. ஆயினும் தேடுபொறி முதலில் காட்டுவது பெரும்பாலும் மூலத்தை அன்று. பொன்மொழித் தொகுப்புத் தளங்களையே. மூலத்தை அடைவதற்கும் அடையாமல் நிற்பதற்கும் உள்ள வேறுபாடு ஓர் ஆய்வின் முடிவையே மாற்றக்கூடும் என்பதற்குச் சோஜர்னர் ட்ரூத்தின் 1851ஆம் ஆண்டு உரை தக்க சான்றாகும்.

அக்ரன் உரை

நியூயார்க் மாநிலத்தின் அல்ஸ்டர் வட்டாரத்தில் ஏறத்தாழ 1797இல் அடிமையாகப் பிறந்தவர் ட்ரூத். அவருடைய இயற்பெயர் இசபெல்லா. 1843இல்தான் சோஜர்னர் ட்ரூத் என்னும் பெயரைத் தாமே சூட்டிக்கொண்டார். எழுதப் படிக்க அறியாதவர். ஆகவே, அவர் பேசியவை அனைத்தும் பிறர் எழுதிவைத்தவற்றின் வழியாகவே கிடைக்கின்றன. அவருடைய உரைகளை ஆராய்வோர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது.

1851 மே மாதம் ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் நடைபெற்ற பெண்ணுரிமை மாநாட்டில் அவர் பேசினார். இன்று உலகெங்கும் 'நான் பெண்ணில்லையா' என்னும் பெயரால் அறியப்படுவது அவ்வுரையே. ஆனால், பரவலாக வழங்கும் அவ்வடிவம் மாநாட்டுக்குத் தலைமை ஏற்ற பிரான்சிஸ் டானா கேஜ் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஏப்ரலில் நியூயார்க்கின் 'இண்டிபெண்டண்ட்' இதழில் எழுதியது. மாநாடு நடந்த சில வாரங்களிலேயே, 1851 ஜூன் 21 அன்று, 'ஆண்டி-ஸ்லேவரி ப்யூகிள்' இதழில் மாரியஸ் ராபின்சன் அவ்வுரையை வெளியிட்டிருந்தார். அதில் அப்புகழ்பெற்ற வினா ஓரிடத்திலும் இல்லை.

வேறுபாடு இத்துடன் நிற்கவில்லை. கேஜின் வடிவத்தில் ட்ரூத் தென்மாநில அடிமைகளின் பேச்சுவழக்கில் பேசுகிறார். பதின்மூன்று குழந்தைகளைப் பெற்றதாகவும் கூறுகிறார். ட்ரூத்தோ தென்மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர் அல்லர். அவருடைய தாய்மொழி டச்சு. அவர் பெற்ற குழந்தைகள் ஐவர். 1850இல் ஆலிவ் கில்பர்ட்டிடம் அவர் சொல்லி எழுதுவித்த வாழ்க்கை வரலாறு அவருடைய குடும்ப வாழ்வை அறியத் துணைசெய்கிறது. அந்நூலும் இணையத்தில் முழுமையாகக் கிடைக்கிறது. நெல் இர்வின் பெயின்டர் 1996இல் வெளியிட்ட ட்ரூத் வரலாற்று நூல் இச்சிக்கலை விரிவாக ஆராய்கிறது.

கேஜின் வடிவத்தில் உள்ள கொச்சைமொழியைத் தமிழில் ஒரு வட்டார வழக்காகப் பெயர்ப்பவர், ட்ரூத்தின் குரலைப் பெயர்ப்பதாகவே எண்ணுவார். உண்மையில் அவர் பெயர்ப்பது ஒரு வெள்ளையினப் பெண்மணி கறுப்பினப் பெண்மணிக்கு வழங்கிய குரலை. ஒடுக்கப்பட்டோர் தம் குரலில் பேசுதல் குறித்த ஆய்வுக்கு இதைவிடப் பெரிய இடறல் வேறில்லை. அதற்காகக் கேஜின் வடிவத்தைத் தள்ளிவிடவும் இயலாது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் ட்ரூத் எவ்வாறு நினைவுகூரப்பட்டார் என்பதற்கு அது சான்று. 1863ஐ அறிய உதவும் ஆவணத்தை 1851க்கு உரியதாகக் கொள்வதே பிழை. ராபின்சனின் வடிவமும் சொல்லுக்குச் சொல் பதிவன்று. காலத்தால் நெருங்கிய செய்தியறிக்கை என்ற அளவிலேயே அதற்கு முதன்மை உண்டு.

மூலங்கள் கிடைக்கும் இடங்கள்

'ப்யூகிள்' போன்ற பழைய செய்தித்தாள்களின் பக்கப் படங்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'கிரானிக்கிளிங் அமெரிக்கா' தொகுப்பில் காணலாம். பிரடெரிக் டக்ளஸ், ஆபிரகாம் லிங்கன், ரோசா பார்க்ஸ் ஆகியோரின் தாள்களும் அந்நூலகத்தின் தளத்தில் உள்ளன. வட கரோலினா பல்கலைக்கழகத்தின் 'டாகுமெண்டிங் தி அமெரிக்கன் சவுத்' அடிமைகளின் தன்வரலாறுகளைத் திரட்டித் தந்துள்ளது.

குடியரசை நிறுவிய தலைவர்களுக்கு 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' முதன்மையானது. தேசிய ஆவணக் காப்பகமும் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகமும் இணைந்து 2013இல் தொடங்கிய இத்தளத்தில் வாஷிங்டன், ஃபிராங்க்ளின், ஜெபர்சன் முதலியோரின் கடிதங்களும் குறிப்புகளும் அடிக்குறிப்புகளுடன் உள்ளன. பதிப்பாசிரியர் இன்னும் சரிபார்த்து முடிக்காத படிகளும் அதில் உண்டு. அவை தனியே குறிக்கப்பட்டிருக்கும். மேற்கோள் காட்டுமுன் அக்குறிப்பைக் காணுதல் நலம். ஜெபர்சன் சொல்லாமலே அவர் பெயரில் உலவும் கூற்றுகளை அவருடைய மான்டிசெல்லோ இல்லத்தின் தளம் தனியே தொகுத்துள்ளது. பொன்மொழித் தளங்களை நம்புவோர் ஒருமுறை அப்பக்கத்தைப் பார்த்தல் வேண்டும். சிறுவன் வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டிய கதை, மேசன் வீம்ஸ் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைக்கப்பட்டது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

தேடுதலில் எழும் இடர்கள்

பழைய அச்சுப் பக்கங்களைக் கணினி எழுத்துகளாக மாற்றும்போது பிழைகள் நேர்கின்றன. பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில் வழங்கிய நீண்ட 'எஸ்' எழுத்தைக் கணினி 'எஃப்' எனப் படித்துவிடும். எனவே, தேடுசொல் கிடைக்கவில்லை என்பதாலேயே அச்செய்தி இல்லை என முடிவுசெய்தல் கூடாது. நாளைக் கணித்து அவ்விதழின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவதே உறுதியான வழி. அக்காலச் சொற்களை இட்டுத் தேடுவதும் இன்றியமையாதது. கறுப்பினத்தாரைக் குறிக்க இன்று வழங்கும் சொற்கள் சில 1850களின் இதழ்களில் அரிதாகவே காணப்படும். 1843க்கு முந்தைய ட்ரூத்தைத் தேடுவோர் இசபெல்லா என்றே தேடுதல் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி ஆளுமைகளிடத்துச் சிக்கல் வேறு வகையினது. மார்ட்டின் லூதர் கிங்கின் எழுத்துகளைப் பதிப்பிக்கும் பணி ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 1985இல் தொடங்கியது. அவருடைய ஆவணங்கள் பலவற்றை அந்நிறுவனத் தளத்தில் அடிக்குறிப்புகளுடன் படிக்கலாம். 1959இல் அவர் மேற்கொண்ட இந்தியப் பயணம் கன்னியாகுமரி வரை நீண்டது; அப்பயணம் தொடர்பான கடிதங்களும் உரைகளும் ஐந்தாம் தொகுதியில் இடம்பெற்றுள்ளன. தமிழ்நாட்டு ஆய்வாளர் அவற்றை இன்னும் விரிவாகப் பயன்படுத்த இடமுண்டு. ஆனால், ட்ரூத், டக்ளஸ் ஆகியோரின் காலத்து அச்சேடுகளைப் போல இவை பொதுவுடைமை ஆகிவிடவில்லை. 1963ஆம் ஆண்டு வாஷிங்டன் பேரணி உரை உட்படக் கிங்கின் எழுத்துகளுக்குக் காப்புரிமை தொடர்வதால், ஆய்வேட்டில் சில வரிகளை மேற்கோள் காட்டுவது வேறு. முழு உரையையும் மொழிபெயர்த்து நூலாக்குவது வேறு. பின்னதற்கு உரிமையாளரின் இசைவைப் பெற்றாக வேண்டும்.