வாடிவாசலை விட வழியில்தான் ஆபத்து அதிகம்: ஜல்லிக்கட்டு காளையை வண்டியில் பத்திரமாக கொண்டு போவது எப்படி?

மதுரை:

தை பிறந்தால் போதும், மதுரை மாவட்ட சாலைகளில் காளைகளின் ஊர்வலம்தான். பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலுக்கு பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று அடுத்தடுத்து ஜல்லிக்கட்டு நடக்கிறது. அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024-ம் ஆண்டு ஜனவரியில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கத்துக்கும் காளைகள் வருகின்றன. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் காளைகள் மட்டுமல்ல, சிவகங்கை, திண்டுக்கல், தேனி, திருச்சி, புதுக்கோட்டை காளைகளும் மதுரை மண்ணில் கால் வைக்கின்றன.

பக்கத்து ஊர் காளை என்றால் அந்தக் காலத்தில் கயிற்றைப் பிடித்து நடத்தியே கூட்டி வந்து விடுவார்கள். 2005-ம் ஆண்டு டாடா ஏஸ் வந்த பிறகு கதை மாறி விட்டது. ஊருக்கு ஊர் "குட்டி யானை" ஓடுகிறது. வாடகை பேசி காளையை ஏற்றினால் 100 கிலோமீட்டர் தாண்டியும் போய் விடலாம்.

வாடிவாசலில் கால்நடை டாக்டர் இருக்கிறார், போலீசார் இருக்கிறார்கள், ஆம்புலன்ஸ் நிற்கிறது. வழியில் யாரும் கிடையாது. பிள்ளையைப் போல வளர்த்த காளை, நான்கு வழிச்சாலையில் ஒரு "சடன் பிரேக்"கில் கால் முறிந்து போனால் அத்தனை வருட உழைப்பும் வீண்தான். வண்டியில் பின்னால் நிற்கும் வாலிபர்களின் உயிருக்கும் அதே ஆபத்து.

ஒரு வண்டிக்கு ஒரு காளை

மாடு ஏற்றும் வண்டிக்கு சட்டத்திலேயே அளவு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் கொண்டு வரப்பட்ட திருத்தம் 2016-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன்படி ஒரு மாட்டுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும். நம்ம கணக்கில் சுமார் 21½ சதுர அடி. ஆடு என்றால் ஒன்றுக்கு 0.3 சதுர மீட்டர். தனித்தனியாக நிற்க தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது விதி.

டாடா ஏஸ் வண்டியின் பின்பக்கம் சுமார் 7 அடி நீளம், 5 அடிக்கு கொஞ்சம் குறைவான அகலம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு காளைக்குத்தான் இடம். "ரெண்டும் ஒரே தொழுவத்து மாடுதானே, வாடகை மிச்சம்" என்று இரண்டை நெருக்கி ஏற்றினால், வளைவில் ஒன்று சரியும்போது மற்றதையும் சேர்த்துத் தள்ளும். கொம்பு குத்திக் காயமாகும்.

1978-ம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளும் இதையேதான் சொல்கின்றன. பெரிய லாரியாக இருந்தாலும் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக்கூடாது. மாட்டோடு வேறு சரக்கு கூடாது. வண்டிக்கு ஒரு உதவியாள் வேண்டும். பக்கவாட்டுப் பலகை தாழ்வாக இருந்தால் உயர்த்திக் கட்ட வேண்டும். மாடு என்ஜின் பக்கம் முகம் வைத்து நிற்பது நல்லது. பயணத்துக்கு தகுதியானது என்று கால்நடை டாக்டரின் சான்றிதழும் வேண்டும்.

தரைதான் முதல் எதிரி

வண்டியின் தரை வழவழப்பான இரும்புத் தகடு. அதில் காளை மூத்திரம் பெய்தால் சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். குளம்புக்கு பிடிமானம் கிடைக்காத காளை மிரளும், மிரண்டால் திமிறும், திமிறினால் விழும். வண்டிக்குள் நடக்கும் விபத்துகளுக்கு ஆரம்பமே இந்தத் தரைதான்.

இதற்கு பெரிய செலவு கிடையாது. தேங்காய் நார் விரிப்பு அல்லது மரப்பலகையை தரையில் போட வேண்டும் என்கிறது விதி. அதன் மேல் மணலை பரப்பி, வைக்கோலை கனமாக போட்டால் ஈரத்தை உறிஞ்சி விடும். பக்கவாட்டில் சவுக்குக் கம்பை காளையின் தோள் உயரத்துக்கு குறையாமல் கட்டி, உள்பக்கம் வைக்கோல் அடைத்த சாக்கை வரிசையாக தொங்க விட வேண்டும். ஆணி முனை, கம்பி நுனி எதுவும் துருத்திக் கொண்டு இருக்கக்கூடாது.

மூக்கணாங்கயிற்றை வண்டியில் கட்டாதீங்க

பலரும் செய்யும் தப்பு இதுதான். மூக்கணாங்கயிறு கையில் பிடித்து அடக்குவதற்கு. அதை வண்டிக் கம்பியில் இழுத்துக் கட்டினால், பிரேக் போடும்போது காளையின் மொத்த எடையும் மூக்கில் இறங்கும். மூக்கு கிழிந்து ரத்தம் கொட்டும்.

கட்ட வேண்டியது கழுத்துக் கயிற்றைத்தான். அதுவும் இறுகாத முடிச்சாக இருக்க வேண்டும். கழுத்தில் சுருக்கு விழுந்தால் மூச்சு முட்டி விடும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கயிறாக, தலையை முழங்கால் வரை இறக்கும் அளவுக்கு நீளம் விட்டால் போதும். கயிறு நீளமாக இருந்தால் கால் சிக்கும். காளை பலகையைத் தாண்டிக் குதித்து தொங்கும் அபாயமும் உண்டு. குட்டையாக இருந்தால் தலையைத் தூக்கிக் கொண்டே நிற்க வேண்டியிருக்கும். வண்டிக் கம்பியில் போடும் முடிச்சு, ஒரே இழுப்பில் உருவிக் கொள்வதாக இருக்க வேண்டும்.

ஏற்ற, இறக்க மண்மேடு

ஏற்றும்போது நாலு பேர் வாலை முறுக்கித் தள்ளுவது, இறக்கும்போது மேலிருந்து குதிக்க விடுவது இரண்டுமே ஆபத்து. குதிக்கும்போது முன்னங்கால் மூட்டு பிசகும். கண்மாய்க் கரை, மண்மேடு பார்த்து வண்டியை பின்பக்கமாக ஒட்டி நிறுத்தினால் காளை தானாக நடந்து ஏறும். மேடு இல்லாத இடத்துக்கு அகலமான கனத்த பலகையில் குறுக்குச் சட்டம் அடித்து எடுத்துப் போகலாம். பண்டிகைக்கு முன்பே நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பழக்கினால், அன்றைக்கு மிரளாது.

பின்னால் ஆள் ஏறக்கூடாது

காளையைச் சுற்றி ஏழெட்டு வாலிபர்கள் கம்பியில் தொங்கிக் கொண்டு போவது வழக்கமான காட்சி. "நம்ம காளைதானே, நம்மள ஒண்ணும் செய்யாது" என்பார்கள். காளை வேண்டுமென்று செய்ய வேண்டாம். 350 கிலோ எடையுள்ள காளை பிரேக் அடிக்கும்போது மேலே சாய்ந்தாலே நெஞ்சு எலும்பு நொறுங்கி விடும். வண்டி கவிழ்ந்தால் அடியில் சிக்குவதும் அவர்கள்தான்.

சரக்கு வண்டியில் பயணிகளை ஏற்றுவது சட்டப்படி குற்றம். விபத்து நடந்தால் இழப்பீட்டிலும் சிக்கல். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியது இல்லை என்று 2002-ம் ஆண்டிலேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு கூறியுள்ளது. சரக்கின் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதிக்கு மட்டுமே சட்டத்தில் இடம் உண்டு. காளைக்காரர் ஒருவர் டிரைவர் பக்கத்து சீட்டில் வரலாம். மற்றவர்கள் பஸ்சில் வருவதே நல்லது.

டிராக்டர் டிரெய்லரில் ஏற்றலாமா?

கூடுமானவரை வேண்டாம். நம்ம ஊர் விவசாய டிரெய்லர்கள் பலவற்றில் தனி பிரேக் கிடையாது. டிராக்டர் நின்றாலும் பின்னால் இருக்கும் டிரெய்லர் தள்ளும். உள்ளே காளை திமிறினால் டிரெய்லர் பக்கவாட்டில் ஆடி, டிராக்டரையே திருப்பி விடும். வேறு வழி இல்லாமல் பக்கத்து ஊர் வரைக்கும் போவதாக இருந்தால், இணைப்பு பின்னில் பூட்டு, அதற்கு மேல் ஒரு சங்கிலி, பின்னால் சிவப்பு ரிப்ளெக்டர் ஸ்டிக்கர் இவை மூன்றும் கட்டாயம். நடக்கும் வேகத்தை விட கொஞ்சம் கூடுதலாக போனால் போதும்.

டிரைவர் கையில்தான் எல்லாம்

வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் அடி நான்கு மடங்காகும். 30-ல் போகும்போது தாங்கிக் கொள்ளும் காளை, 60-ல் தாங்காது. நின்று கொண்டிருக்கும் காளையால் வண்டியின் பாரம் மேல்பக்கம் இருக்கும். ரிங் ரோடு வளைவிலும், கிராமத்து வேகத்தடையிலும் முன்கூட்டியே வேகத்தை குறைக்க வேண்டும்.

டோக்கனுக்காக ராத்திரியெல்லாம் கண் விழித்த டிரைவர் ஓட்டக்கூடாது. மார்கழி, தை மாத அதிகாலை பனி மூட்டத்தில் எதிரே வரும் வண்டி தெரியாது. ஏர் ஹாரன், பட்டாசு, ஸ்பீக்கர், சுற்றி மோட்டார் சைக்கிளில் கூச்சல் எல்லாமே காளையை மிரள வைக்கும். மாசி, பங்குனியில் நடக்கும் ஜல்லிக்கட்டுக்கு வெயிலுக்கு முன்பே கிளம்பி விட வேண்டும். தார்ப்பாயை காற்று புகாமல் மூடக்கூடாது.

பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, அரிசிச் சாதம் என்று வயிறு முட்ட கொடுத்து உடனே ஏற்றுவது தப்பு. வைக்கோலும் தண்ணீரும் போதும். குடத்திலும் வாளியிலும் வீட்டுத் தண்ணீரையே எடுத்துப் போனால் முகம் சுளிக்காமல் குடிக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிழலில் நிறுத்தி கயிறு, கால், தரை மூன்றையும் பார்க்க வேண்டும். ஜல்லிக்கட்டுக்கு வந்து சேர்ந்த காளைக்கு குறைந்தது 20 நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது 2017-ம் ஆண்டு தமிழக அரசு விதி என்பது குறிப்பிடத்தக்கது.

வண்டியில் விழுந்து விட்டால்?

உள்ளே குதித்து தூக்கப் பார்க்கக்கூடாது. வண்டியை ஓரம் கட்டி, வெளியில் இருந்தபடியே கயிற்றை உருவ வேண்டும். உருவ முடியாவிட்டால் அறுத்து விட வேண்டும். அதற்காக கேபினில் ஒரு அரிவாள் இருக்கட்டும். கயிறு தளர்ந்தால் பெரும்பாலும் தானே எழுந்து விடும். எழாமல் பக்கவாட்டில் மல்லாந்து கிடந்தால் வயிற்று வாயு வெளியேறாது. இடது வயிறு பானை மாதிரி உப்பி உயிருக்கே ஆபத்தாகும். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி, சாக்கு மூட்டையை அண்டை கொடுத்து, டாக்டரை வரவழைக்க வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962, ஆட்களுக்கு 108. இரண்டு நம்பரையும் டிரைவர் கண்ணில் படும்படி ஒட்டி வைக்கலாம்.

விலங்கை வதைக்கும் விதத்தில் ஏற்றிச் சென்றால் 1960-ம் ஆண்டு சட்டப்படி முதல் தடவைக்கு 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் அபராதம். அபராதம் சின்னது, ஆனால் காளை போனால் போனதுதான்.

திரும்பி வரும்போது கவனம் இரண்டு மடங்கு தேவை. களத்தில் ஓடிக் களைத்த காளைக்கு கால் தள்ளாடும், உடம்பில் காயம் இருக்கும். பரிசு அண்டாவையும் சைக்கிளையும் அதே வண்டியில் காளையின் காலடியில் போட்டு ஏற்றக்கூடாது. அரை மணி நேரம் ஆற விட்டு, தண்ணீர் காட்டி, காயத்தை டாக்டரிடம் காட்டிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும்.