மழை தவறினாலும் கேழ்வரகு நிற்பது ஏன்?

கோலார் பக்கத்து மானாவாரி நிலங்களில் ஒரு மழை தவறினாலும் கேழ்வரகு தாக்குப்பிடிக்கும். நெல்லை அப்படி நம்ப முடியாது. காரணம் இலையில் இருக்கிறது.

இலைத் துளை திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே நுழையும். திறந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடும். கேழ்வரகு, சோளம், கரும்பு ஆகியவை அந்த வாயுவை முதலில் 4 கரிம அணுக்கள் உள்ள அமிலமாக மாற்றி, உட்புறச் செல்களில் குவிக்கின்றன. ஆகவே துளையைக் குறைவாகத் திறந்தாலே போதும். இதை 1966-ல் கரும்பில் விளக்கியவர்கள் ஹாட்ச், ஸ்லாக் என்ற விஞ்ஞானிகள். (கரும்பு ஏராளமாகத் தண்ணீர் கேட்பது, சுமார் ஓராண்டு வயலில் நிற்பதால்!) ஒரே எடைக்கு வளர, நெல்லின் இலை விடும் நீரில் ஏறக்குறைய பாதியே இவற்றுக்குச் செலவு.

சப்பாத்திக் கள்ளி இன்னும் கெட்டி. பகலில் துளையை மூடி, இரவில் திறந்து, வாயுவை அமிலமாகச் சேமிக்கும். அதனால் விடியற்காலையில் அதில் புளிப்பு அதிகம். வளர்ச்சிதான் மந்தம்.