சார்ஜருக்கு எங்கே இடம்?

மின்சாரக் கார் வாங்குவது சுலபம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங்கில் அதற்கு ஒரு பிளக் பாயின்ட் வாங்குவதுதான் பெரும்பாடு. அரசு விதிகள் சாதகமாக மாறிவரும் வேளையில் சங்கங்களும் வாகனச் சொந்தக்காரர்களும் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

வங்கிக் கடன் கிடைத்தாயிற்று. கார் வாசலுக்கு வந்தாயிற்று. சார்ஜரைச் சுவரில் மாட்ட கம்பெனியின் ஆட்களும் பெட்டியோடு வந்துவிட்டார்கள். அப்போதுதான் கேட்டில் காவலாளி கைநீட்டி மறிக்கிறார்: சங்கத்தின் அனுமதிக் கடிதம் எங்கே? மும்பையின் புறநகர்களானாலும் சரி, நொய்டா, குர்கான், பெங்களூரின் அடுக்குமாடி வளாகங்களானாலும் சரி, கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். காரைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் ஆகிறது. சார்ஜர் மாட்ட அனுமதி வாங்கச் சில சமயம் ஒரு வருடம்கூட ஆகிவிடுகிறது.

இது ஏதோ பணக்காரர்களின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023-24 நிதியாண்டில் இந்தியாவில் விற்பனையான மின்சார வாகனங்கள் 16 லட்சத்துக்கும் அதிகம். அவற்றில் பாதிக்கும் மேல் இருசக்கர வாகனங்கள். அந்த ஆண்டு ஒரு லட்சத்தைத் தொடாத மின்சாரக் கார்களின் விற்பனை, அடுத்த ஆண்டில் அந்தக் கோட்டைத் தாண்டியது. நகரங்களில் இவற்றை வாங்குபவர்களில் கணிசமானோர் ஃபிளாட்வாசிகள்.

தனி வீட்டுக்காரருக்குக் கவலையே இல்லை. மீட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்து, போர்ட்டிகோவில் 15 ஆம்பியர் பிளக் வைத்தால் முடிந்தது. ஃபிளாட்வாசியின் நிலை வேறு. வீடு ஒன்பதாவது மாடியில், மீட்டர் தரைத்தளத்தில், கார் இரண்டாம் பேஸ்மென்ட்டில். இடையில் உள்ள சுவர், குழாய், கேபிள் செல்லும் பாதை அனைத்தும் எல்லோருக்கும் பொது. ஒரு ஆணி அடிக்கவும் யாரையாவது கேட்க வேண்டும்.

வெளியே சார்ஜ் செய்துகொள்ளலாமே என்பார்கள். அவசரத்துக்குச் செய்யலாம். ஆனால் மின்சாரக் காரின் லாபமே இரவில், தூங்கும் நேரத்தில், வீட்டுக் கட்டணத்தில் சார்ஜ் செய்வதில்தான் இருக்கிறது. பொது நிலையங்களின் விரைவு சார்ஜர்களில் ஒரு யூனிட்டின் விலை பெரும்பாலும் வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 2020இல் அறிமுகமான டாடா நெக்ஸான் மின்சாரக் காரின் பேட்டரி 30.2 யூனிட் கொள்ளளவு கொண்டது. 3.3 கிலோவாட் வேகத்தில் அது காலியிலிருந்து நிரம்ப ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதாவது ஓர் இரவு. இதற்கு வீட்டு வாசலைவிட வசதியான இடம் வேறில்லை.

விதிகள் யார் பக்கம்?

விதிகளைப் பொறுத்தவரை டில்லி தெளிவாகவே பேசியிருக்கிறது. வாகனத்துக்கு சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை. எனவே லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018 ஏப்ரலில் விளக்கம் அளித்தது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கனவே உள்ள மின் இணைப்பைக் கொண்டே வாகனத்தை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று 2022 ஜனவரியில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள் கூறின.

முக்கியமான திருப்பம் 2024 பிப்ரவரியில் வந்தது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மின்சார வாகனத்துக்கென்று தனி இணைப்பு கேட்டால் மின் வினியோக நிறுவனம் கொடுத்தாக வேண்டும். புதிய இணைப்புக்கான கெடுவும் குறைக்கப்பட்டது: பெருநகரங்களில் 3 நாள், பிற நகராட்சிப் பகுதிகளில் 7 நாள், கிராமப்புறங்களில் 15 நாள்.

மாநிலங்களும் பின்தங்கவில்லை. டில்லி அரசின் 2020 கொள்கை முதல் 30,000 சார்ஜிங் பாயின்ட்களுக்கு தலா ரூ. 6,000 வரை மானியம் அறிவித்தது. மகாராஷ்டிரத்தின் 2021 கொள்கை புதிய குடியிருப்புகளில் 20 சதவிகித பார்க்கிங்கை சார்ஜருக்குத் தயாராக வைக்கச் சொன்னது. 2025 கொள்கையோ புதிய குடியிருப்புகளில் எல்லா பார்க்கிங்கும் தயாராக இருக்க வேண்டும் என்கிறது.

'புதிய' என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். 2019இல் மத்திய அரசு திருத்திய மாதிரிக் கட்டட விதிகளும் 20 சதவிகித பார்க்கிங்கை ஒதுக்கச் சொல்கின்றன. ஆனால் பெயரே சொல்வதுபோல் அவை மாதிரி விதிகள். மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அமலுக்கு வரும். மக்கள் குடியிருப்பதோ பெரும்பாலும் 10, 20, 30 வருடங்களுக்கு முன் கட்டிய கட்டடங்களில். அங்கே மின் நிறுவனம் இணைப்பு கொடுக்கத் தயாராக இருந்தாலும், கேபிளைப் பொதுச் சுவரில் கொண்டுசெல்ல சங்கம் தலையசைக்க வேண்டும். ஜெர்மனியில் 2020 டிசம்பரில் அமலுக்கு வந்த சட்டம், அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவர் தன் செலவில் சார்ஜர் வைக்க அனுமதி கேட்பதை உரிமையாகவே ஆக்கியது. எப்படி வைப்பது என்பதைச் சங்கம் முடிவு செய்யலாம். வைக்கவே கூடாது என்று சொல்ல முடியாது. இந்தியாவில் அப்படி ஒரு தனி மத்தியச் சட்டம் இல்லை.

யாருடைய இடம்?

பார்க்கிங்கே யாருக்குச் சொந்தம் என்ற பழைய வழக்கும் இதில் தலைநீட்டுகிறது. திறந்தவெளி பார்க்கிங்கும், தூண்களுக்கு இடையிலான ஸ்டில்ட் பார்க்கிங்கும் பொதுப் பகுதிகளே, கட்டுமான நிறுவனம் அவற்றைத் தனியாக விற்க முடியாது என்று மும்பை ஹவுசிங் சொசைட்டி ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. 2016இன் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி பார்க்கிங்கைப் பொதுப் பகுதியாகவே கருதுகிறது. ஆக, பலர் 'என் இடம்' என்று நம்பிக்கொண்டிருப்பது உண்மையில் சங்கம் ஒதுக்கித் தந்த இடம். அங்கே நிரந்தரமாக ஒரு பெட்டியை மாட்டுவது, பொது இடத்தில் பட்டா போடுவதுபோல் மற்றவர்களுக்குத் தோன்றுகிறது.

வாடகைக்கு இருப்பவர் பாடு இன்னும் மோசம். சங்கக் கூட்டத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. 11 மாத ஒப்பந்தத்தை நம்பி கேபிள் போட வீட்டுக்காரர் தயங்குவார். ஒதுக்கீடே இல்லாமல், முதலில் வந்தவர் நிறுத்திக்கொள்ளும் வளாகங்களிலும், லிஃப்டில் ஏற்றி ஒன்றன்மேல் ஒன்றாகக் கார்களை அடுக்கும் மும்பைக் கட்டடங்களிலும் தனி சார்ஜர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

சங்கங்களின் அச்சம்

சங்க நிர்வாகிகளை வில்லன்களாக்குவது எளிது. ஆனால் சம்பளம் வாங்காமல் உழைக்கும் அவர்களின் கவலைகள் முழுவதும் கற்பனையல்ல. முதல் கவலை நெருப்பு. 2022 மார்ச்சில் வேலூரில் சார்ஜில் போட்டிருந்த ஸ்கூட்டரில் பற்றிய தீயின் புகையில் தந்தையும் மகளும் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்தராபாத்தில் கீழே இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தொடங்கிய தீ, மேலே விடுதியில் தங்கியிருந்த 8 பேரைப் பலிகொண்டது. அதன் பிறகே பேட்டரிகளுக்கான பாதுகாப்புத் தரம் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டங்களாக அமலாயிற்று.

ஆனால் அனுமதி மறுப்பதால் அபாயம் நீங்கிவிடுவதில்லை, இடம் மாறுகிறது. பார்க்கிங்கில் பிளக் இல்லாதவர் ஸ்கூட்டர் பேட்டரியைக் கழற்றி வீட்டு ஹாலுக்குக் கொண்டுபோகிறார். முதல் மாடிக்காரர் பால்கனி வழியாக எக்ஸ்டென்ஷன் ஒயரைத் தொங்கவிடுகிறார். விதிகள் அஞ்சுவது இதைத்தான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் 2019இல் மின் வாகனங்களுக்கென்றே ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது. பிளக் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். வண்டிக்கும் சார்ஜருக்கும் இடையே 5 மீட்டருக்கு மேல் தூரம் கூடாது. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி வேண்டும் என்கிறது அது. மழைக்காலத்தில் பேஸ்மென்ட்டில் தண்ணீர் புகும் சென்னைக்கும் பெங்களூருக்கும் அந்த 800 மில்லிமீட்டர் ரொம்பவே முக்கியம்.

இரண்டாவது கவலை மின்பளு. ஒரு கணக்கு: 120 ஃபிளாட்கள் உள்ள வளாகத்தில் 40 மின்சாரக் கார்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் இரவு 9 மணிக்கு 7.4 கிலோவாட் சார்ஜரைப் போட்டால் சுமை ஏறத்தாழ 300 கிலோவாட். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மூச்சுத் திணறிவிடும். ஆனால் நகரவாசியின் கார் தினமும் சராசரியாக 30 கிலோமீட்டர் ஓடினால் அதற்குத் தேவை 4 அல்லது 5 யூனிட்தான். சாதாரண 3.3 கிலோவாட் பிளக்கில் ஒன்றரை மணி நேரம். விடிவதற்குள் முறைவைத்து சார்ஜ் செய்தால் அதே 40 கார்களுக்கும் 30 கிலோவாட்டே போதும். பளுவைத் தானாகப் பங்கிட்டுத் தரும் சார்ஜர்கள் சந்தையில் இருக்கின்றன. ஆளுக்கொரு கம்பெனி சார்ஜரை அவரவர் இஷ்டத்துக்கு மாட்டினால் மட்டும் இது நடக்காது.

உண்மையான அநீதி ஒன்றும் இங்கே ஒளிந்திருக்கிறது. சாங்ஷன் லோடில் மிச்சமிருப்பதை முதலில் வரும் நாலைந்து பேர் அள்ளிக்கொள்வார்கள். பதினைந்தாவதாக வருபவர் தலையில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றும் செலவு விழும். முன்னவர் அவசரப்படுவதும் பின்னவர் தடுப்பதும் இதனால்தான். இப்போதே கொள்கை வகுக்காத சங்கம் இந்தச் சண்டையைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவே.

மூன்றாவது, பில். பொது மீட்டரிலிருந்து மின்சாரம் எடுத்தால் அடுத்தவர் காசில் கார் ஓடுகிறது என்ற புகைச்சல் கிளம்பும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறத்தாழ 150 யூனிட், ஸ்கூட்டருக்கு 30 யூனிட் போல ஆகும். யூனிட் ரூ. 8 என்றாலும் முறையே ரூ. 1,200, ரூ. 240. தொகை பெரிதல்ல, மனக்கசப்புதான் பெரிது. அதைத் தீர்க்க ஒரு சப் மீட்டர் போதும்.

மூன்று வழிகள்

நடைமுறையில் மூன்று பாதைகள் உள்ளன. முதலாவது, ஃபிளாட்டின் சொந்த மீட்டரிலிருந்தே பார்க்கிங்குக்குக் கேபிள் இழுப்பது. கீழ்த்தளத்தில் மீட்டர் அறை உள்ள மும்பை, சென்னைக் கட்டடங்களுக்கு இது எளிது. பில் தகராறும் இல்லை. ஆனால் வீட்டின் ஏ.சி.யும் காரும் சேர்ந்து சாங்ஷன் லோடை மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரம் அதிகமானால் சார்ஜரைவிட கேபிள் செலவு கூடிவிடும்.

இரண்டாவது, காருக்கென்று தனி இணைப்பு. பல மாநிலங்களில் மின் வாகனங்களுக்குத் தனிக் கட்டணப் பிரிவே இருக்கிறது. வீட்டில் அதிக மின்சாரம் செலவழித்து உயர்ந்த ஸ்லாபுக்குப் போய்விட்டவருக்கு இது லாபமாகலாம். நொய்டா, குர்கான்போல வளாகம் முழுவதற்கும் ஒற்றை இணைப்பு உள்ள இடங்களில் சங்கத்தின் ஒத்துழைப்பு கட்டாயம் தேவை. ஒற்றை இணைப்பா, வீட்டுக்கு வீடு இணைப்பா என்பதைக் குடியிருப்போர் ஓட்டெடுப்பில் தீர்மானிக்கவும் 2024 திருத்தம் வழிசெய்திருக்கிறது.

மூன்றாவது, சங்கமே சில பொது சார்ஜர்களை நிறுவுவது. மொபைல் செயலி அல்லது கார்டு மூலம் அவரவர் கணக்கில் பணம் கழியும். குறைந்த முதலீட்டில் பலருக்குப் பயன், வாடகைக்காரருக்கும் இடமுண்டு. குறை, வரிசை. நள்ளிரவில் சார்ஜ் முடிந்த காரை நகர்த்த யார் எழுந்து வருவது?

எந்த வழியானாலும் பெரிய செலவு ஒன்றுதான்: மீட்டர் அறையிலிருந்து ஒவ்வொரு பார்க்கிங் தளத்துக்கும் போகும் முதுகெலும்புக் கேபிள். அதைச் சங்கம் ஒரே தடவையில் போட்டுவிட்டு, அதிலிருந்து பிரியும் கிளையையும் சார்ஜரையும் அவரவர் செலவில் வைத்துக்கொள்ளச் சொல்வதே நியாயமான பங்கீடாகத் தெரிகிறது. அரசுப் பணம் இதற்கு அதிகம் வராது. 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தின் ரூ. 10,900 கோடியில் சார்ஜிங்குக்கு ரூ. 2,000 கோடி ஒதுக்கப்பட்டாலும், அது பொது நிலையங்களுக்கானது.

ஒரு காலத்தில் கேபிள் டி.வி. ஒயருக்கும், பிறகு குழாய் எரிவாயுவுக்கும் சங்கங்கள் இப்படித்தான் முகம் சுளித்தன. இப்போது அவை இல்லாத ஃபிளாட்டை வாங்க ஆள் யோசிக்கிறார். சார்ஜர் விஷயத்தில் பத்து வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. பக்கத்து பிளாக்கில் வந்திருக்கும் அடுத்த மின்சாரக் கார், தலைவருடையதாகவோ செயலாளருடையதாகவோ இருந்தால் போதும்.

கூட்டத்துக்குப் போகும் முன்

* மனு எழுத்தில் இருக்கட்டும். சார்ஜரின் கிலோவாட், கேபிள் செல்லும் பாதை, மீட்டர் இடம் மூன்றையும் வரைபடத்தோடு காட்டுங்கள்.

* லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் வளாகத்தின் மொத்த மின்பளுவைக் கணக்கிட்டு அறிக்கை வாங்குங்கள். அச்சத்துக்கு மருந்து எண்கள்தான்.

* தனி சர்க்யூட், எர்த், கசிவைத் துண்டிக்கும் கருவி கட்டாயம். லைட் பாயின்டிலிருந்து இணைப்பு எடுக்கவே கூடாது.

* ஜெனரேட்டர் லைனில் சார்ஜரைச் சேர்க்காதீர்கள். டீசலில் ஓடும் மின்சாரக் கார் யாருக்கும் லாபமில்லை.

* உங்கள் ஒருவருக்கு அனுமதி கேட்பதைவிட, இனி வரப்போகும் எல்லோருக்கும் பொதுவான விதியைத் தீர்மானமாகக் கொண்டுவருவது சுலபமாக நிறைவேறும்.

* சேதம் நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, வீட்டை விற்றால் சார்ஜர் யாருக்கு என்பதையும் அதே தீர்மானத்தில் எழுதிவிடுங்கள்.