மாஞ்சோலையில் மூடுவிழா! புலிக்கு காடு... தொழிலாளிக்கு?

திருவண்ணாமலை: கிரிவலம் முடிச்சதும் சூடா ஒரு டீ அடிக்கிறோம். தேயிலைக்காக மலையில் எவ்வளவு காடு போனது தெரியுமா?

நெல்லை மாவட்டம் மாஞ்சோலையே சாட்சி. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன், 8 ஆயிரத்து 373 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 வருஷ குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டி தேயிலை போட்டார்கள். தேயிலை யானைக்கு தீனி ஆகாதே!

சுற்றிலும் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். 2018ல் அரசு இதை காப்புக்காடாக அறிவித்தது. குத்தகை முடிவது 2028ல். கம்பெனியோ 2024லேயே விருப்ப ஓய்வு கொடுத்து கடையை கட்டியது. எஸ்டேட்டை அரசே நடத்தணும் என்ற கோரிக்கையை அந்த டிசம்பரில் ஐகோர்ட் மதுரை கிளை ஏற்கவில்லை.

காடு திரும்பட்டும், நல்லதுதான். தலைமுறையா கொழுந்து கிள்ளினவங்களுக்கு வீடும் வேலையும் கிடைச்சாதான் அது நியாயம்.